ரோவல் ரோடு 107, 109

என் அப்பா அச்சகம் வைத்திருந்தார். சிங்கப்பூரின் இந்தியர் வட்டாரமான தேக்காவில், வீராசாமி ரோட்டில் ஒரு கடைவீட்டின் பின்பாதி. முன்பாதியில் ஒரு தையற்கடை. அதற்குள் நுழைந்து, கொக்கியில் தொங்கும் பேண்டுகளை விலக்கிக்கொண்டு போனால்தான் எங்கள் கடை வரும். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு, அர்ச்சனைச் சீட்டு, பில் புத்தகம் எல்லாம் அடிப்பார். சோறு போட்டது பில் புத்தகம். கல்யாணப் பத்திரிகை கௌரவத்துக்கு.

2008 என்று நினைக்கிறேன். ஒரு மாலை நேரம், தோளில் துணிப்பையும் கையில் யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையுமாக ஒரு சீனப் பையன் வந்து நின்றான். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. இதே அட்டை, இதே அளவு, இதே தங்க ஓரம், இருநூறு வேண்டும் என்றான். என்ன விசேஷம் என்று அப்பா தன் ஆங்கிலத்தில் கேட்டார். கேலரி என்றான்.

அப்பாவுக்கு கேலரி தெரியாது, கேலி தெரியும். கோத்த எழுத்துகளை அடுக்கி வைக்கும் நீளத் தட்டுக்கு அச்சகத்தில் கேலி என்று பெயர். அதிலிருந்து முதலில் எடுக்கும் படி, கேலி புரூஃப். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "ஒரு சீனப் பையன் கேலி திறக்கிறானாம், அதுக்குக் கல்யாண அட்டையில பத்திரிகை அடிக்கணுமாம்" என்றார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "யாரைக் கேலி பண்ணப் போறானாம்?" என்று கேட்டார்.

எந்தக் கேலரி என்று அப்பா கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு நான் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் அப்படிப்பட்ட இடங்கள் ஒன்றல்ல, நாலு இருந்திருக்கின்றன அல்லது அப்போதுதான் மூடியிருக்கின்றன. தேக்காவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது பிற்பாடுதான் தெரியவந்தது.

இந்த மாதிரி இடங்களை அண்டர்கிரவுண்ட் கேலரி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது 2003இல் திறந்த ஊதாப் பாதை எம்ஆர்டி ரயில்தான். அப்போது தேக்காவில் மண்ணுக்கு அடியில் இருந்தது அது ஒன்றுதான். கேலரிகள் எல்லாம் தரைக்கு மேலேதான் இருந்தன. சில, மரப்படி ஏறிப் போகவேண்டிய மாடியில். அண்டர்கிரவுண்ட் என்றால் விற்பனைக்காக நடத்தப்படாதது, அரசாங்கம் நடத்தாதது, ஓவியர்களே தங்கள் கைக்காசைப் போட்டு நடத்துவது என்று பொருள். தமிழில் இதற்குச் சரியான உறவுக்காரன் சிற்றிதழ். நாலு பேர் சேர்ந்து ஆரம்பிப்பார்கள், நாற்பது பேர் படிப்பார்கள், அதில் முப்பது பேர் எழுதுகிறவர்கள். ஆறாவது இதழில் கடன், ஏழாவது இதழில் சண்டை, எட்டாவது வராது. முப்பது வருடம் கழித்து யாராவது முனைவர் பட்டத்துக்கு அதைத் தேடி அலைவார்கள்.

பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் பெருமாள் ரோடு. அங்கே 10ஆம் எண் வீட்டில் 2004இல் சிலர் சேர்ந்து ஓர் இடம் ஆரம்பித்தார்கள். கதவு எண்ணையே பெயராக்கி பி-10 என்று வைத்தார்கள். அதே 2004இல் ஜெரமி ஹியாவும் லீனா ஆடமும் இந்து ரோடு 91ஏ-வில், ஒரு கடைவீட்டின் மாடியில், 'யுவர் மதர் கேலரி'யைத் தொடங்கினார்கள். உங்கள் அம்மா. இந்தப் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் சண்டைக்கு வருகிற மாதிரியே இருக்கும்.

கெர்பாவ் ரோட்டில் இருந்ததன் பெயர் இன்னும் விசித்திரம்: 'பிளாஸ்டிக் கைனட்டிக் வர்ம்ஸ்'. புழுக்கள்! வின்சென்ட் லியோவும் இவோன் லீயும் 1998இல் சைனாடவுன் பகோடா ஸ்ட்ரீட்டில் ஆரம்பித்து, பிறகு கெர்பாவ் ரோட்டுக்கு வந்தார்கள். என் அக்கா மகளை அந்தத் தெருவில் பரதநாட்டிய வகுப்புக்குக் கூட்டிப்போவது அப்போது என் வேலை. வகுப்பு முடிய ஒரு மணிநேரம். கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டு இருப்பேன். புழுக்கள் கேலரியின் கதவு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், தரையில் ஏதோ கம்பிச் சுருள். அது கலைப்பொருளா, கலைப்பொருள் வந்த பொட்டலத்தின் கட்டுக்கம்பியா என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய்க் கேட்கவும் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. வாரம் ஒருமுறை, இரண்டு வருடம், அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன்.

வின்சென்ட் லியோ என்றால் ஓவிய உலகத்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1992இல் ஒரு பழைய கிடங்கில் நடந்த கலை நிகழ்ச்சியில் தன் சிறுநீரைத் தானே குடித்துக் காட்டினார். ஊரே அதிர்ந்தது. என் தாத்தா இருந்திருந்தால் அதிர்ந்திருக்க மாட்டார். மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோதே உலகத்துக்கு அறிவித்துவிட்டுக் குடித்ததுதானே!

இவர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் தீவின் வடக்கே செம்பவாங்குக்குப் போகவேண்டும். லோரோங் கம்பாஸ். 1988இல் தாங் டா வூ அங்கே ஒரு கிராமத்துப் பண்ணை நிலத்தில் தன் பட்டறையைத் திறந்துவிட, இளம் ஓவியர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 'ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' என்று அதற்குப் பெயர் வந்தது. 1990இல் நிலம் மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டு, காலி செய்யச் சொன்னார்கள். இரண்டே வருடம். சிங்கப்பூரின் இன்றைய கலையைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் அந்த இரண்டு வருடத்தைத்தான் முதலில் எழுதுகிறார்கள்.

அதே 1988இல், செம்பவாங்கில் இல்லாமல் நகருக்குள் ஜெர்மன் கலாசார நிலையமான கதே இன்ஸ்டிட்யூட்டில், நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படித்த மூன்று பேர் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ச. சந்திரசேகரன், கோ ஈ சூ, சல்லே ஜாப்பார். ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர். கண்காட்சிக்குப் பெயர் 'திரிமூர்த்தி'. இதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. நாற்பது வயதுக்குமேல் ஒரு கண்காட்சிக் கையேட்டில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1990இல் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில், மின்சாரத் துணைநிலையமாக இருந்த பழைய கட்டடத்தில், 'சப்ஸ்டேஷன்' திறந்தது. திறந்தவர் நாடகக்காரர் குவோ பாவ் குன். 1976இலிருந்து 1980வரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுப்புக்காவலில் இருந்தவர். 1988இல் அவர் மேடையேற்றிய பன்மொழி நாடகத்தில் ஒரு சீனக் கிழவியும் ஒரு தமிழ்க் கிழவரும் ஆளுக்கொரு பூனையைத் தேடுவார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஹொக்கியன் தெரியாது, ஆனாலும் பேசிக்கொள்வார்கள். எங்கள் கடையில் அப்பாவும் அந்தப் பையனும் அட்டையின் கனம் பற்றிப் பேசியதும் ஏறக்குறைய அப்படித்தான். விரலை மடக்கி, அட்டையைத் தட்டி, காதருகில் வைத்து ஆட்டி.

அடுத்து 1991இல் பார்க்வே பரேட் கடைத்தொகுதியில், ஐந்தாம் மாடியில், சூசன் விக்டர், சூசி லிங்கம் முதலானோர் தொடங்கிய 'ஃபிஃப்த் பாசேஜ்'. பேருக்கேற்ப அது ஒரு நடைவழிதான். கடைக்கு வந்தவர்கள் பல்மருத்துவரைத் தேடிப் போகும் வழியில் கலையைக் கடந்து போகலாம். இதை நான் ரசிக்கிறேன். காய்கறி வாங்க வந்தவர் காலில் கலை தட்டுப்படுவதுதான் நியாயம்.

அது மூடிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1993 டிசம்பர் கடைசி வாரத்தில் இந்த அமைப்பும் ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியில் ஜோசப் இங் என்ற இளைஞர், ஓரினச் சேர்க்கையாளர்களைப் பிடிக்க நடந்த போலீஸ் நடவடிக்கையில் கைதான 12 பேரை முன்வைத்து ஒரு நிகழ்த்துகலையைச் செய்தார். டோஃபு கட்டிகளைப் பிரம்பால் அடித்தார். கடைசியில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று தன் அந்தரங்க ரோமத்தைக் கத்தரித்தார். படம் பத்திரிகையின் முகப்பில் வந்தது. அவருக்கு 1,000 வெள்ளி (டாலர்) அபராதம். ஃபிஃப்த் பாசேஜ் தன் நடைவழியை இழந்தது. அப்புறம் பத்தாண்டுகள் நிகழ்த்துகலைக்கு அரசு நிதி கிடையாது என்று ஆனது.

ஓர் இடைச்செருகல். அந்தப் பத்தாண்டிலும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பெருமாள் கோயிலிலிருந்து செட்டியார் கோயில்வரை உடம்பெல்லாம் வேலும் கொக்கியும் குத்திக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நடுரோட்டில் நடந்து போனார்கள். காவடி கலை என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிடுவார். காவடிக்கும் இங்கே ஆயிரத்தெட்டு விதிமுறை உண்டு, மேளம் அடிக்கவே எத்தனை வருடம் தடை இருந்தது. ஆனாலும் சிராங்கூன் ரோட்டில் வளர்ந்தவளுக்கு, ஓர் உடம்பு எல்லோர் முன்னாலும் எதையாவது தாங்கிக்காட்டுவது புதிய செய்தி கிடையாது. புழுக்கள் கேலரிக்காரர்கள் எங்கள் அம்மாவிடம் வந்து விளக்கியிருந்தால் அம்மாவுக்குச் சட்டென்று புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் வரவில்லை. நாங்களும் போகவில்லை.

சரி, ரோவல் ரோட்டுக்கு வருகிறேன்.

சின்ன வயதில் எனக்கு ரோவல் ரோடு போகக்கூடாத ரோடு. அதற்கும் டெஸ்கர் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. சந்து முழுக்கத் திறந்த கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு குழல்விளக்கு. "அந்தப் பக்கம் போகாதே" என்பார் அம்மா. ஏன் என்று கேட்டால், "நாய் இருக்கு". நான் பதினைந்து வயதுவரை அங்கே நிறைய நாய் இருப்பதாகத்தான் நம்பினேன்.

அந்த ரோட்டில் 107, 109 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைவீடுகள். 2007இல் அவற்றை வாடகைக்கு எடுத்து 'போஸ்ட்-மியூசியம்' என்று ஆரம்பித்தவர்கள் ஜெனிஃபர் தியோவும் வூன் தியன் வெயும். பெருமாள் ரோட்டில் பி-10 நடத்தியவர்களில் இருவர். கண்காட்சிக்கு ஓர் அறை, கூட்டம் பேச ஓர் அறை, மேலே ஓவியர்களுக்குப் பட்டறைகள், கீழே முகப்பில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. தேக்காவில் சைவச் சாப்பாட்டுக் கடை என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மூன்று கடை தள்ளி வாழையிலையில் அன்லிமிடெட் போடுகிறார்கள். இதற்குப் பதில் அவர்கள் ஒரு பிராட்டாக் கல் போட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

நான் ஒரு கணக்காளர். கலை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடங்களில் என்ன கருத்து பேசப்பட்டது, எந்த ஓவியர் என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். எனக்குக் கண் முதலில் போவது குத்தகைக்கு. கெர்பாவ் ரோட்டு வீடுகள் தேசிய கலைகள் மன்றத்தின் இடவசதித் திட்டத்தில் இருந்தவை. அந்தத் திட்டத்தில் கலைக்குழுக்கள் வாடகையில் பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதுமாக இருந்தது, மீதியை மன்றம் பார்த்துக்கொண்டது. ரோவல் ரோட்டு வீடு அப்படி வாங்கியது கிடையாது. தனியாரிடம் எடுத்த சாதாரணக் குத்தகை. பட்டறைகளை உள்வாடகைக்கு விட்டு, சாப்பாட்டுக் கடையில் வருவதைப் போட்டு, மிச்சத்தைக் கையிலிருந்து கட்டும் கணக்கு. வாடகை மானியம் இல்லாததால் ஒரு சுதந்திரம் இருந்தது. வெளிநாட்டு ஊழியர் நலன் பேசுகிறவர்கள், மரணதண்டனையை எதிர்ப்பவர்கள், வேறெங்கும் கூட்டத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்து பேசலாம். அந்தச் சுதந்திரத்துக்கு மாதாமாதம் முதல் தேதி ஒரு பில் வரும்.

2009இல்தான் நான் முதல்முறை உள்ளே போனேன். அதுவும் கலைக்காகப் போகவில்லை. அங்கே 'ரியலி ரியலி ஃப்ரீ மார்க்கெட்' நடந்தது. உனக்கு வேண்டாததைக் கொண்டுவந்து வை, உனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போ, காசு கிடையாது, பண்டமாற்றும் கிடையாது. என் அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். காசில்லாத சந்தை என்றதும் கணக்காளருக்கு வரும் இயல்பான சந்தேகத்தோடு கிளம்பினேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று அப்பாவின் கடையைப் பார்த்தேன்.

அந்தக் கடையின் பின்சுவரில், ஆஃப்செட் வந்த பிறகு யாரும் திறக்காத மர கேஸ்கள் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஈய எழுத்து. அதில் ஒரு கேஸ் முழுக்கப் பழைய லை, ளை, னை, ணை. யானைத் துதிக்கை மாதிரி கொம்பு சுருண்டிருக்குமே, அவை. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பிறகு இங்கேயும் புதிய வடிவம் பழகி, அந்த எழுத்துகளுக்கு வேலை போய்விட்டது. அப்பா அவற்றை உருக்கவும் கொடுக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஒரு மில்க்மெய்ட் டின்னில் இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன்.

தரையில் துணி விரித்து டின்னைக் கவிழ்த்து வைத்தேன். ஒருபக்கம் ஒருவர் பழைய மின்விசிறி வைத்திருந்தார். இன்னொரு பக்கம் ஒரு பெண் முடி வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், இலவசமாக. முதல் அரைமணிநேரம் யாரும் என் பக்கம் வரவில்லை. பிறகு பத்துப் பதினோரு வயதுச் சீனச் சிறுமி ஒருத்தி குனிந்து, ஒரு 'லை'யை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈயம் விரலில் கறுப்பாக ஒட்டியது. "ஸ்னெயில்" என்றாள். நத்தை. அச்செழுத்து இடவலம் மாறியிருக்கும் என்பதால் அது உண்மையில் எந்தப் பக்கம் சுருளும் என்று காட்ட, எழுத்தில் பேனா மை தடவி என் உள்ளங்கையில் அழுத்தி எடுத்துக் காட்டினேன். அவள் கையிலும் ஒன்று கேட்டாள். அப்புறம் அவள் தம்பி, அவர்கள் அம்மா, முடி வெட்டிக்கொண்டிருந்தவள், தலை பாதி வெட்டிய நிலையில் அவளிடம் உட்கார்ந்திருந்தவர். சாயங்காலம் டின் காலி.

"எவ்வளவுக்கு வித்தே?" என்றார் அப்பா.

"சும்மா கொடுத்தேன்."

"சும்மாவா? கிலோ எவ்வளவு போகும் தெரியுமா?" என்றவர், கொஞ்சநேரம் கழித்து, "எடுத்துக்கிட்டுப் போய் என்ன செய்வாங்களாம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் அவரே இன்னொரு டின்னை நிரப்பி வாசலில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோவல் ரோட்டில் நடக்கவே முடியாது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் ஐந்தடிப் பாதை முழுக்க உட்கார்ந்து, ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே, 2008இலிருந்து, வேலையில் அடிபட்டு வழக்கு முடியக் காத்திருக்கும் ஊழியர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசச் சாப்பாடு ஏற்பாடு செய்து வந்தார்கள். கஃப் ரோடு திட்டம் என்று பெயர். ஆக அந்தச் சின்ன வட்டாரத்தில் காசில்லாமல் சாப்பாடும் காசில்லாமல் பண்டமும் ஒரே காலத்தில் கிடைத்திருக்கின்றன. கேலரி வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பியிடம், அறந்தாங்கிப் பக்கம் என்றார், உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "செருப்பக் கழட்டணுமாக்கா?" என்றார். வேண்டாம் என்றேன். "டிக்கெட்டு?" கிடையாது என்றேன். சிரித்தார், எழுந்திருக்கவில்லை. இரண்டு வருடம் புழுக்கள் கேலரி வாசலில் நடந்தவளுக்கு அவரைக் குறைசொல்ல வாயில்லை.

அந்தப் புழுக்கள் கேலரி 2008இலேயே மூடிவிட்டது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

எங்கள் கடைக்குக் கடிதம் வந்தது 2010 தொடக்கத்தில். குத்தகை முடிய மூன்று மாதம். புதுப்பிக்க விரும்பினால் புதிய வாடகை இவ்வளவு என்று ஓர் எண். பழைய வாடகையைவிட இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அப்பா அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பாரு" என்றார். நான் பார்த்தேன். நூறு தாள் பில் புத்தகம் ஒன்றில் அவருக்கு நிற்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். புதிய வாடகைக்கு மாதம் எத்தனை புத்தகம் அடிக்கவேண்டும் என்று வகுத்துப் பார்த்தால், ஞாயிறு உட்பட நாளொன்றுக்கு மிஷின் பதினாறு மணிநேரம் ஓடவேண்டும். அதற்குள் பாதிக் கடைகள் கணினி பில்லுக்கு மாறியிருந்தன. அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

மிஷினைப் பழைய இரும்பாக எடுத்துப்போனார்கள். தையற்கடை வழியாக வெளியே கொண்டுபோக முடியாது என்பதால் பின்சந்துக் கதவை உடைத்தார்கள். முப்பது வருடத்தில் அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. வெயில் உள்ளே அடித்தபோது தரை முழுக்க மையும் எண்ணெயும் ஊறிக் கறுத்துக் கிடந்தது தெரிந்தது.

போஸ்ட்-மியூசியம் 2011இல் ரோவல் ரோட்டை விட்டுப் போனது. நாலு வருடம். சிற்றிதழ் கணக்கில் பார்த்தால் அது நல்ல ஆயுள். அவர்கள் அப்புறம் வேறு கட்டடம் எடுக்கவில்லை. இடமில்லாத மியூசியமாக, ஊர் ஊராக, புக்கிட் பிரவுன் கல்லறைத்தோட்டம்வரை போய் வேலை செய்தார்கள். முதலில் கேட்டபோது எனக்கு இது சமாளிப்பாகப் பட்டது. பிறகு, வாடகை வரியே இல்லாத கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பார்த்து, கெட்டிக்காரர்கள் என்று தோன்றியது. சுவர் இல்லாமல் சித்திரமா என்று கேட்கிற மொழியில் இதைச் சொல்லத்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

மற்றவர்களும் எங்கெங்கோ போனார்கள். பார்க்வே பரேட் நடைவழியை இழந்த சூசி லிங்கம் 2013இல் சிங்கப்பூர் ஆர்ட் மியூசியத்தின் இயக்குநரானார். சூசன் விக்டர் 2001இல் இத்தாலியில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயில் சிங்கப்பூருக்காக நின்றார். அவர் செய்த எட்டு சரவிளக்குகள் தேசிய அரும்பொருளகத்தின் கூரையிலிருந்து தொங்குகின்றன. ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒருநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தை அண்ணாந்து பத்து நிமிடம் பார்த்தார். நான் ஃபிஃப்த் பாசேஜ் கதையெல்லாம் சொல்லி முடித்தேன். "மோட்டார் எங்க வெச்சிருக்கான்?" என்று கேட்டார். சப்ஸ்டேஷனும் 2021இல் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் கட்டடத்தை விட்டுப் போய்விட்டது. முப்பது வருடம் தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளிக்கு வீடு ஒழுங்குபண்ணும்போது அப்பாவின் மாதிரி ஆல்பம் கிடைத்தது. பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து, "இந்த மாதிரி வேணும்" என்று கைவைக்கும் தடித்த ஆல்பம். ரோஜாப்பூ, வாழைமரம், கும்பம், ராதாகிருஷ்ணர். நடுவில் படமே இல்லாமல் ஓர் அட்டை. தங்க ஓரம், ஆங்கிலத்தில் நாலு வரி, ஒரு தேதி, நேரம். இடத்தின் பெயர் இருக்கவேண்டிய கீழ்ப்பகுதியை ஆல்பத்தின் பசை தின்றுவிட்டது. தலைப்பில், நட்டநடுவில், 'உ'.

பிள்ளையார் சுழி போடாமல் அப்பா எந்த வேலையையும் தொடங்கியதில்லை. பில் புத்தகத்தின் புரூஃபில்கூட இருக்கும், வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார். "இதுல எப்படி அப்படியே இருக்கு?" என்று கேட்டேன்.

"புரூஃப் பார்க்க வந்தான். இது என்னான்னு கேட்டான். பிகினிங்னு சொன்னேன். இருக்கட்டும்னுட்டான்."

"இருநூறுலயுமா?"

"இருநூறுலயும்."

அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குச் சாய்த்தார். கட்டைவிரலால் தங்க ஓரத்தைத் தடவினார்.

"கறுப்பு கொஞ்சம் தூக்கலா விழுந்திருக்கு" என்றார்.